கூரையில்லாத மேடை: மதுரை வட்டாரத்தின் இரவிசை

தமிழ்நாட்டில் சென்னை நீங்கலான நகரங்களில் இரவு வாழ்க்கை உண்டா என்ற கேள்வியை, அச்சொல் இன்று குறிக்கும் மதுக்கூடம், நடனத்தளம், நுழைவுச்சீட்டு, பின்னிரவுவரை திறந்திருக்கும் இசையரங்கு ஆகியவற்றை அளவுகோலாக வைத்து எழுப்பினால், சில நட்சத்திர விடுதிகளைச் சுட்டிவிட்டு விவாதத்தை முடித்துக்கொள்ள வேண்டியதுதான். பொழுது சாய்ந்தபின் ஊரார் எங்கே கூடினார்கள், யார் செலவில், எந்த நேரம்வரை நேரடி இசையைக் கேட்டார்கள் என்று அதே கேள்வியை மாற்றிக் கேட்டால், மதுரையும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் சேர்ந்த வட்டாரம் மிக நீண்ட விடையைத் தருகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 10 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட மதுரை மாநகராட்சியைச் சிற்றூர் என்று சொல்ல முடியாதெனினும், நாள்தோறும் நேரடி இசை நடக்கும் அரங்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் அது மிகச் சிறிய நகரமே.

இவ்வட்டாரத்தின் இரவிசை, அதாவது இரவில் திறந்தவெளியில் நடக்கும் நாகசுர ஊர்வலம், ஸ்பெஷல் நாடகம், மெல்லிசைக் கச்சேரி, கரகாட்டம் முதலியவற்றின் தொகுதி, இரண்டு அடிப்படைகளின் மேல் நின்று வந்துள்ளது. ஒன்று, அதற்கு நிலையான அரங்கு கிடையாது. திருவிழா நாள் வந்தால் தெருவோ களத்துமேடோ அரங்காகும், நாள் கழிந்தால் பந்தல் பிரிக்கப்படும். மற்றொன்று, கேட்பவர் எவரும் வாசலில் பணம் கொடுப்பதில்லை. கோயிலோ ஊர்ப்பொதுவோ முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. இந்த அமைப்பே பல நூற்றாண்டுகள் இக்கலைகளைக் காத்தது என்பதும், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சட்டமும் தொழில்நுட்பமும் மாறியபோது அவை எளிதில் அடிபட்டதற்கும் இதே அமைப்புதான் காரணம் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மதுரையைத் தூங்கா நகரம் என்று அழைக்கும் வழக்கத்துக்குப் பழம்பெரும் சான்றாகப் பத்துப்பாட்டுள் ஒன்றான மதுரைக்காஞ்சி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. மாங்குடி மருதனார் 782 அடிகளில் பாடிய அந்நூல், பகற்கடைத் தெருவான நாளங்காடியையும் இரவுக்கடைத் தெருவான அல்லங்காடியையும் விவரித்து, இரவை யாமம் யாமமாகப் பின்தொடர்கிறது. ஆனால் மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று அதில் உண்டு: இடையாமத்தில் விழாக் கூத்தரும் ஆட்டம் ஓய்ந்து உறங்கிவிடுகின்றனர், விடியலை நெருங்கும் வேளையில்தான் யாழிசைப்போர் மருதப்பண்ணை எழுப்புகின்றனர். இரவைப் பொழுதுகளாகப் பகுத்து, இன்ன பொழுதுக்கு இன்ன இசை என்று வகுத்த ஒழுங்கே அந்நூல் காட்டும் நகரம். இடைவிடாத ஆரவாரமாக அதை வாசிப்பது பிற்காலத்தவர் ஆசை.

அந்த ஒழுங்கின் தொடர்ச்சியைக் கோயில் நாகசுர மரபில் தெளிவாகக் காணலாம். மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்து செல்லும் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் மாதப் பெயர்களைத் தாங்கியிருப்பது, அவை விழாக்களின் ஊர்வலப் பாதைகளாகவே எண்ணப்பட்டவை என்பதைச் சொல்லிவிடுகிறது. சுவாமி புறப்படும்போது மல்லாரி, அதாவது சொற்களின்றித் தாளக் கட்டுமானத்தையே உயிராகக் கொண்டு பெரும்பாலும் கம்பீரநாட்டையில் வாசிக்கப்படும் உருப்படி, ஒலிக்கும்; வீதி முனைகளில் வாகனம் நின்றவுடன் இராக ஆலாபனை விரியும்; பள்ளியறையில் நீலாம்பரி, விடியலில் பூபாளம் அல்லது பௌளி என்று இரவின் போக்கு இராகங்களின் வழியே குறிக்கப்படும். மேடை ஏதுமின்றி நடந்துகொண்டே வாசிப்பவரை நடந்துகொண்டே கேட்கும் கூட்டம் இதற்கு இருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி அடைந்த புகழ், இத்தகைய திறந்தவெளி இரவுகளில் கால எல்லையின்றி இராகத்தை விரிக்க முடிந்ததோடு பிணைந்தது. மதுரையைச் சேர்ந்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தின் வழியாக நாடெங்கும் சென்றபோது, அதைக் கேட்டவர்களில் பலர் அவ்விசையை அதற்குரிய தெருவில் கேட்டிராதவர்கள்.

சபாக்கள் என்னும் உறுப்பினர் கட்டண அரங்குகளின் கதை இதற்குப் பக்கத்தில் ஓடும் வேறொரு கதை. மதுரை மணி ஐயர், மதுரை சோமு போன்றோர் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்து சென்றவர்கள். 1916இல் மேல அனுமந்தராயன் தெருவில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி இருபது வயதில் சென்னைக்குச் சென்றுவிட்டார். சபா இசை மாலையில் தொடங்கி இரவு உணவு வேளைக்குள் முடிவதாலும், அதன் நெறிமுறைகள் சென்னையில் வகுக்கப்பட்டவை என்பதாலும், இரவிசையைப் பற்றிய ஆய்வில் அதற்குச் சிறு இடமே உண்டு. நெடுநேரக் கச்சேரிகளுக்குப் பெயர்பெற்ற சோமு மட்டும் விதிவிலக்கு.

நாடக இசையின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சீட்டு விற்ற கொட்டகையில் தொடங்கித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் பாட்டாலேயே நகர்பவை. அவற்றில் வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பாலமாக நிற்பதுதான் பெரும்பாலும். 1918இல் அவர் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும், எம்.ஜி. இராமச்சந்திரன் இளம் வயதில் சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட நாடகக் கம்பெனிகள். அக்கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுச் சீட்டு விற்றன. எந்தக் கம்பெனியையும் சாராத புகழ்பெற்ற நடிகர்களை ஓர் இரவுக்கென்று தனித்தனியே அழைத்து ஒரே மேடையில் பாடவைத்த ஏற்பாட்டுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் வந்தது, எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து பாடிய இரவுகள் இவ்வகையின் உச்சம். பேசும்படம் வந்தபின் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாயின. 'பராசக்தி'யோடு 1952இல் திறக்கப்பட்ட, 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட மதுரைத் தங்கம் திரையரங்கு அம்மாற்றத்தின் பேருருவம். இரவில் பணம் கொடுத்து உள்ளே செல்லும் பழக்கம் முழுவதையும் இரண்டாம் ஆட்டம் எடுத்துக்கொண்டது. சீட்டை இழந்த நாடகம் கிராமத்துத் திருவிழாவில் அடைக்கலம் புகுந்தது.

புகுந்த இடத்தில் அது வீழ்ந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நடிகர்களுக்கென 1923இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் இன்றும் இயங்குகிறது. வட்டாரத்தின் பிற ஊர்களிலும் பின்னர் சங்கங்கள் தோன்றின. ஸ்பெஷல் நாடகத்தின் வியப்பான இயல்பு அதற்கு ஒத்திகை இல்லாதது. அரசர் வேடத்துக்கு ராஜபார்ட், நாயகி வேடத்துக்கு ஸ்திரீபார்ட், நகைச்சுவைக்குப் பபூன், அவரோடு ஆடும் பெண்ணுக்கு டான்ஸ் என்று வேடவகைகள் தொழிற்பிரிவுகளாகவே நிலைத்திருப்பதால், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து சேரும் கலைஞர்கள், கதையும் பாடல் வரிசையும் நினைவில் இருக்கிற ஒரே பலத்தில் மேடையேறிவிடுகின்றனர். அவர்களை ஒன்றிணைப்பவர் ஆர்மோனியக்காரர். நடிகர் எடுக்கும் சுருதியை நொடியில் பிடித்து, மறந்த அடியை எடுத்துக்கொடுத்து, தேவைப்பட்டால் பின்பாட்டும் பாடி, ஆட்டம் தளரும் இடத்தில் தாளத்தை முடுக்குகிற அவரும், மிருதங்கக்காரரும், பல தாளக்கருவிகளையும் ஓசைக்குறிப்புகளையும் ஒருவராகவே கையாளும் ஆல்ரவுண்டும் மேடையின் ஓரத்தில் இரவு முழுவதும் எழாமல் இருப்பார்கள்.

இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டத்தில் முதலில் பபூன் வருவார். அவருடைய தனிப்பேச்சும், டான்ஸ் நடிகையோடு நடக்கும் பாட்டும் வாக்குவாதமும் நள்ளிரவுவரை நீளும். குழந்தைகள் உறங்கியபின் தலைமைக் கதை தொடங்கும். வள்ளியும் நாரதரும், பின்னர் வள்ளியும் வேடனாக வந்த முருகனும் பாட்டாலும் வசனத்தாலும் ஒருவரையொருவர் மடக்குகிற தர்க்கம் என்னும் பகுதிதான் முதியவர்கள் விழித்திருந்து காத்திருப்பது. அதில் வென்றவர் யார் என்ற பேச்சு மறுநாள் தேநீர்க் கடையில் தொடரும். எழுதிவைத்த நாடகத்துக்கு உட்பட்டே அன்றைய செய்தியை நுழைக்க இடம்கொடுக்கும் இந்தத் தளர்வைத்தான் விடுதலைப் போராட்டக் கால நடிகர்கள் பயன்படுத்தினார்கள். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியை அயலார் ஆட்சியை விரட்டும் காட்சியாக மாற்றிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார். அவருடைய சாதியைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள் என்பதை அவருடைய தேசபக்தியைப் போற்றும் கட்டுரைகள் சில விட்டுவிடுகின்றன.

இவ்விரவுகளின் பொருளாதாரம் வரியில் தொடங்குகிறது. அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டுதல், அதாவது விழா நாளை ஊரறிய அறிவித்தல், நடந்தவுடன், திருமணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்தையும் ஓர் அலகாகக் கொள்ளும் தலைக்கட்டுக் கணக்குப்படி வரி பிரிக்கப்படும். அப்பணத்தில் பந்தல், ஒளியமைப்பு, சவுண்டு சர்வீஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்கியதுபோக எஞ்சியதற்கு ஏற்ப நாடகமோ கச்சேரியோ பேசப்படும். ஊரின் பெரியவர்கள் மதுரைக்கு வந்து முகவரைப் பார்த்து, நடிகர்களின் நாள் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, முன்பணம் கொடுத்து எழுத்து முடித்து, நடிகர்களின் ஒளிப்படங்களோடு நோட்டீஸ் அச்சடித்துத் திரும்புவார்கள். மேடை கிராமத்தில் அமைய, அதை இயக்கும் அலுவலகமாக நகரம் இருந்தது: சங்கமும் அச்சகமும் முகவரும் ஒப்பனைப் பொருளும் இங்கே. இரவு வாழ்க்கையைத் தேடி மதுரை வீதிகளில் மட்டும் நடந்து பார்ப்பவருக்கு அது தென்படாமல் போவதற்கு இதுவே காரணம். விடியற்காலையில் பேருந்தில் திரும்பி வரும் ஆர்மோனியப் பெட்டிகளில்தான் அதைக் காண முடியும்.

வரி கொடுத்தவர்க்கெல்லாம் விழா சொந்தம் என்பது ஊர்வழக்கு. வரியே வாங்கப்படாதவர்கள் நிலை என்ன என்பது அவ்வழக்கின் மறைபக்கம். பல கிராமங்களில் தலித் குடும்பங்களிடம் தலைக்கட்டு வரி பெறப்படாததால், அவர்கள் கூட்டத்தின் விளிம்பில் நின்று கேட்பவர்களாகவே இருந்தனர்; வரி வாங்கச் சொல்லிக் கேட்பதே உரிமைப் போராட்டமாக மாறிய இடங்களும் உண்டு. வாசலில் சீட்டுக் கொடுத்தவனை எந்தச் சாதி என்று கேட்காத திரையரங்கு, அதன் தரை வகுப்பு, பெஞ்சு வகுப்பு வேறுபாடுகளோடும்கூட, இவ்வகையில் சற்று மேலானது. இலவச இசையைச் சமத்துவத்தின் அடையாளமாகப் புகழ்வோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெண் கலைஞர்கள் சுமப்பது இன்னொரு பாரம். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், மதுரை ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி எழுதி 2005இல் வெளியிட்ட நூலில், இரவில் ஊர்விட்டு ஊர் சென்று அயலார்முன் ஆடுவதே நடிகையின் மீது பழியாகப் படிவதையும், அதைத் தணிக்க அவர்கள் பேருந்து நிலையத்தில் நிற்பதைத் தவிர்த்து மூடிய வண்டிகளில் செல்வதையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். அதே திருவிழாவில் ஊர்ப்பெண்கள் முளைப்பாரியைச் சுற்றி நாள் கணக்கில் பாடும் இரவுக் கும்மிக்குப் பழியும் இல்லை, பணமும் இல்லை. நோட்டீசில் இடமும் இல்லை. இரவிசையின் கணக்கில் அதைச் சேர்க்காத ஆய்வு அரைகுறையானதே.

மெல்லிசைக் கச்சேரி என்று வழங்குவது திரைப்பாடல்களை வாத்தியக் குழுவோடு மேடையில் அப்படியே மீட்டுப் பாடும் நிகழ்ச்சி. இசைத்தட்டில் கேட்டதற்கு நெருக்கமாகப் பாடுவதே திறமை என்னும் அளவுகோல் இங்கே ஆட்சி செய்தது. மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜனின் குரல், அவருக்கு 2023இல் சிலை எழுப்பப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, நூற்றுக்கணக்கான உள்ளூர்த் தொண்டைகளில் குடியேறிவிட்டது, 'டி.எம்.எஸ். குரல்', 'சுசீலா குரல்' என்றே பாடகர்கள் அறிமுகம் செய்யப்பட்டார்கள். விநாயகரை வணங்கும் பக்திப்பாடலோடு தொடங்கி, பழைய பாடல்களைக் கடந்து, நள்ளிரவுக்குமேல் இளைஞர்கள் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பும் விருப்பப் பாடல்களை அடைவது இக்கச்சேரியின் வழக்கமான பாதை. இடையிடையே அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கப் பாட்டு நிறுத்தப்படும். இசை இரசிகருக்கு இது எரிச்சலூட்டக்கூடும். குழுவினருக்கோ பேசிய தொகையைவிட அன்றைய அன்பளிப்பே சில இரவுகளில் ஆறுதலாக அமைந்தது.

நகலெடுப்பு என்று ஒதுக்கப்படும் இவ்விசையே பயிற்சிக்கூடமாகவும் இருந்தது. அன்று மதுரை மாவட்டத்திலும், 1996க்குப் பின் தேனி மாவட்டத்திலும் அடங்கும் பண்ணைப்புரத்திலிருந்து, பாவலர் வரதராசன் தம் தம்பியரோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிச் சென்ற குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர்தாம் இளையராஜா. எந்த ஊரில் எந்த மெட்டுக்குக் கூட்டம் எழுந்து நிற்கும், எந்த இடத்தில் கலையும் என்பதைத் திறந்தவெளியில் கற்ற ஒருவர் 1976இல் திரைக்கு வந்தபோது, அவருடைய இசை மீண்டும் அதே மெல்லிசை மேடைகளுக்குத் திரும்பிச் சென்று அவற்றுக்கு ஒரு தலைமுறைக்கான வேலையைக் கொடுத்தது. சென்னையின் திரையுலகம் வட்டாரத்தின் திறமையை உறிஞ்சிக்கொண்டது என்று மட்டும் சொல்வது ஒருபக்கக் கணக்கு.

இங்குள்ள அமைப்பின் தனித்தன்மை, வேறொரு சிறுநகரோடு ஒப்பிடும்போது விளங்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பல்கலைக்கழக ஊரான ஏதென்ஸ், எழுபதுகளின் இறுதியிலிருந்து தன் அளவுக்கு மீறிய இசைப்புகழ் பெற்றது. அங்கு ஆர்.ஈ.எம். குழு தன் முதல் நிகழ்ச்சியை 1980 ஏப்ரல் 5 அன்று கைவிடப்பட்ட தேவாலயக் கட்டடத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் வாசித்தது. ஒரே ஒரு 40 வாட் விளக்கின் ஒளியில் நடந்த கூடுகையால் பெயர்பெற்ற 40 வாட் கிளப் இன்றும் அங்கே உள்ளது. குறைந்த வாடகையில் ஓர் அறை, வாரந்தோறும் அதே மேடையில் புதிய பாட்டைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, இசையின் செலவை ஈடுகட்டும் மது விற்பனை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வூரின் இரகசியம். தமிழ்நாட்டிலோ 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது; அதன் கடைகளை ஒட்டிய கூடங்களில் இசைக்கு இடமில்லை. மதுவருவாயில் ஒரு ரூபாயும் இசைக்கலைஞரை நேரடியாக அடையாத ஏற்பாடு இது. அதனால் இழப்பு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது: குடிகாரர்க்கு மட்டும் பாடும் நிலை வராமல், கிழவியும் குழந்தையும் பாயை விரித்து அமரும் கூட்டத்துக்குப் பாடும் நிலை நீடித்தது. ஆனால் புதிய பாட்டைச் சோதித்துப் பார்க்கும் வாரமேடை மதுரைக்கு வாய்க்கவேயில்லை. ஆண்டுக்கொருமுறை செலவு செய்யும் ஊர், தெரிந்த பாட்டைத்தான் கேட்கும்.

சட்டம் இந்த அமைப்பின் மென்மையான இடத்தில் கை வைத்தது. ஒலி மாசு விதிகள், 2000, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. பின்னர் 2010இல் செய்யப்பட்ட திருத்தம் இசைக்கருவிகளையும் அதில் சேர்த்தது. அரங்கு, சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை நீட்டிப்பு அளிக்கலாம் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது. கூரையுள்ள இசைக்கு இரவு முழுவதும் திறந்தே இருக்கிறது; கூரையில்லாத இசைக்குப் பத்து மணியோடு மூடிவிடுகிறது. மாநிலம் முழுவதற்கும் பொதுவான 15 நாள் என்பது, ஒவ்வோர் ஊரும் மாசி தொடங்கி ஆவணிவரை தனக்கெனத் தனிநாள் குறித்துச் சாட்டும் வட்டாரத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. தமிழக அரசு 2019இல் 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதித்ததை இதனருகே வைத்துப் பார்த்தால், நகரம் இரவில் வாங்கலாம், உண்ணலாம், கேட்பதற்கு மட்டும் தடை என்ற விந்தை தெரியும்.

நோயாளிகள், தேர்வெழுதும் மாணவர்கள், அதிகாலையில் வேலைக்குச் செல்வோர் ஆகியோரின் உறக்கம் அற்பமானதன்று; பெட்டி ஒலிபெருக்கிகளை மதிலாக அடுக்கி நெஞ்சு அதிர ஒலிக்கச் செய்யும் பழக்கத்தைப் பண்பாடு என்று வாதிடுவதும் நேர்மையன்று. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று விதிகளிலேயே ஒலி அளவு குறிக்கப்பட்டிருக்க, நடைமுறையில் அளவைவிட நேரமே கட்டுப்படுத்தப்படுகிறது. காவலர் கையில் கடிகாரம் இருக்கிறது, ஒலிமானி இருப்பது அரிது. இதனால் ஆர்மோனியமும் மிருதங்கமும் இரண்டு ஒலிவாங்கியுமாக நடக்கும் நாடகம், ஆடல் பாடல் என்னும் பதிவிசை நடன நிகழ்ச்சியோடு ஒரே தட்டில் நிறுக்கப்படுகிறது. சத்தம் அதிகமான நிகழ்ச்சி மாலையிலேயே தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்துவிடலாம். பத்து மணிக்குத் தொடங்குவதே மரபான நாடகம் எங்கே போவது?

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை அனுமதி மறுப்பதும், விழாக் குழுவினர் 2004இல் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகுவதும், ஆபாச உடையோ அசைவோ கூடாது, சாதியையும் கட்சியையும் குறிக்கும் பாடலும் பதாகையும் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு அனுமதி பெறுவதும் இப்போது பருவந்தோறும் நிகழ்பவை. முகவரையும் அச்சகத்தையும் தேடி வந்த ஊர்ப்பெரியவர் இன்று வழக்கறிஞரையும் தேடி வருகிறார். தலைக்கட்டு வரியில் அதற்கும் ஒரு பங்கு போகிறது.

தொழில்நுட்பத்தின் தாக்கத்தைச் சட்டத்தினும் பெரிதெனக் கருதுவோர் உண்டு. ஒலிநாடா வந்தபோது திருவிழாவின் பகற்பொழுதுகள் பதிவிசைக்குச் சென்றன. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் இரவில் வீட்டைவிட்டு வெளியேறக் காரணம் குறைந்தது. ஒரு விசைப்பலகையும் ஒரு தாளப் பலகையும் வயலின், எக்காளம், அக்கார்டியன் வாசித்தவர்களின் இருக்கைகளை நிரப்பின. குரலை நீக்கிய பதிவிசைத் தடம் கைக்கு வந்தபின் பாடகர் மட்டும் போதும் என்றாயிற்று. எனினும் இவையெல்லாம் குழுவின் அளவைச் சுருக்கினவே தவிர, ஊர் வரி பிரித்து இரவொன்றை ஏற்பாடு செய்யும் பழக்கத்தை ஒழிக்கவில்லை. அப்பழக்கம் முற்றாக நின்றது 2020, 2021ஆம் ஆண்டுகளில்தான். பெருந்தொற்றுப் பொதுமுடக்கம் பங்குனியில் தொடங்கியதால் சித்திரைத் திருவிழாவின் திருக்கல்யாணமே பக்தர்களின்றி நடந்தது. ஆண்டு வருமானம் முழுவதையும் சில மாதங்களில் ஈட்டும் நாடகக் கலைஞர்களும் மெல்லிசைக் குழுவினரும் அடுத்தடுத்து இரண்டு பருவங்களை இழந்தனர். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் நல வாரியம் அமைக்கப்பட்டிருந்தாலும், திரைப்பாடலை மேடையில் வாசிப்பவர் நாட்டுப்புறக் கலைஞரா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

ஆய்வுலகின் கவனமும் இதே சாய்வைக் கொண்டது. நாகசுரத்துக்குப் பி.எம். சுந்தரம் தொகுத்த கலைஞர் வரலாறுகள் உள்ளன; நாடக மேடையின் அரசியலைச் சு. தியடோர் பாஸ்கரன் ஆராய்ந்தார். 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் அச்சேறி, நாடக ஆசிரியரொருவரின் அன்றாடத்தை நாள்வாரியாகக் காட்டுகின்றன. மெல்லிசைக் குழுக்களுக்கு அத்தகைய வரலாறு ஒன்றும் எழுதப்படாததற்குக் காரணம், அது கலையா நகலா என்று முடிவுகட்ட அறிஞர்கள் தயங்கியதே. சான்றுகள் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன: குழுத்தலைவர்கள் பாடல் வரிசையும் சுருதியும் குறித்த கணக்கேடுகள், எழுத்து முடித்த தாள்கள், நடிகர் படத்தோடு அச்சான நோட்டீஸ்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நாடகத் துண்டறிக்கைகளைச் சேர்த்துக் காப்பதைப் போன்ற பணியை, 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இவ்வட்டாரத்துக்கென மேற்கொள்ள வேண்டும். நாடக நடிகர் சங்கமும் மெல்லிசைக் குழுவினரும் தம்மிடமுள்ள தாள்களைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடும் முன் ஒரு படியேனும் அங்கே கொடுத்துவைக்க வேண்டும்.